துவக்கும் சக்கர நாற்காலியும்

2021 ஆகஸ்ட் 30. இலங்கையில் கொரோனா ஊரடங்கு. எல்லாரும் வீட்டுக்குள்ள. அன்றைக்கு டோக்கியோ பராலிம்பிக்கில் ஒரே நாளில் இரண்டு விசயம் நடந்தது.

ஒன்று, ஜெய்ப்பூரைச் சேர்ந்த 19 வயது அவனி லேகரா, 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் 249.6 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றார். இந்தியப் பெண்ணொருவர் வென்ற முதல் பராலிம்பிக் தங்கம் அது. பராலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கமும் அதுதான்.

மற்றது, தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 மீற்றர் தூரம் ஈட்டி எறிந்து, உலக சாதனையோடு இலங்கைக்கு முதல் பராலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார். ஹேரத் இராணுவச் சிப்பாய். போரில் இடது கையில் காயப்பட்டவர்.

நாடு முழுக்கக் கொண்டாடியது. வன்னியில் அந்தச் செய்தி எப்படி வந்து விழுந்தது எண்டு நினைச்சுப் பாருங்கோ. சந்தோசப்படாமல் இருக்கவும் ஏலாது, முழுசாச் சந்தோசப்படவும் ஏலாது. எங்கட ஊரில் சைக்கிள் திருத்துற அண்ணா ஒராள் இருக்கிறார். 2009இல் செல் பட்டு ஒரு கால் முழங்காலுக்குக் கீழ இல்லை. அவர் போனில் அந்த வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்திட்டுச் சொன்னார்: "எறிஞ்ச எறி சரியான வடிவு தம்பி. எனக்கு ஈட்டி தர ஆர் இருந்தவை?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டே போர்க் காயத்தில் இருந்துதான் தொடங்கினது. நாசி ஜெர்மனியில் இருந்து தப்பி 1939இல் இங்கிலாந்துக்கு அகதியாகப் போன யூத மருத்துவர் லுட்விக் குட்மன், ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட படையினரைப் பராமரித்தார். அந்தக் காலத்தில் இப்படிக் காயப்பட்டவர்கள் கொஞ்ச நாளில் செத்துப்போவார்கள் என்றே மற்ற மருத்துவர்கள் நினைத்தார்கள். குட்மன் அவர்கள் கையில் வில்லைக் கொடுத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள், அந்த மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் இருந்து அம்பு எய்தார்கள். 1960இல் ரோமில் அது பராலிம்பிக் ஆனது. 1976இல் ரொறன்ரோவில் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்தது.

இந்தியாவின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. முரளிகாந்த் பெட்கர் என்ற சிப்பாய் 1965 போரில் குண்டடி பட்டவர். 1972இல் ஹைடல்பேர்க்கில் நீச்சலில் இந்தியாவின் முதல் பராலிம்பிக் தங்கத்தை வென்றார். இலங்கைக்கு 2012இல் லண்டனில் முதல் பதக்கம் வாங்கித் தந்த ஓட்டவீரர் பிரதீப் சஞ்சயவும் இராணுவத்தவர்தான். காரணம் விளங்கக் கஷ்டமில்லை. காயப்பட்ட சிப்பாய்க்குப் பின்னால் சம்பளம் இருக்கு, மருத்துவமனை இருக்கு, மைதானம் இருக்கு, பயிற்சியாளர் இருக்கிறார். ஒரு ஏணி ஏற்கனவே அங்கே சாத்தி வைக்கப்பட்டிருக்கு.

ஆனால் இந்தியத் துப்பாக்கி சுடும் அணியின் கதை வேற மாதிரி. அதனால்தான் அது எங்களுக்கு முக்கியம்.

அந்த அணியில் நீண்டகாலம் தெரிந்த பெயர் டெல்லியின் நரேஷ் குமார் சர்மா. ஐந்து பராலிம்பிக்கில் சுட்டவர். டோக்கியோவுக்குத் தன்னைத் தெரிவுசெய்யவில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். பதக்கம் வராத காலத்திலும் ஒரு இடத்துக்காக இப்படி முட்டி மோதியவர்கள் இருந்தார்கள்.

டோக்கியோவில் கதவு திறந்தது. அவனி 2012இல் கார் விபத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர். 2015இல் ஜெய்ப்பூரில் சுடப் பழகத் தொடங்கினார். பல்லப்கரைச் சேர்ந்த மனீஷ் நர்வாலுக்குப் பிறப்பிலேயே வலது கை சரியில்லை. இடது கையால் சுட்டு 50 மீற்றர் பிஸ்டலில் தங்கம் எடுத்தார். அதே போட்டியில் வெள்ளி எடுத்த சிங்ராஜ் அதானா இளம்பிள்ளை வாதம் வந்தவர். மருமகனைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில்தான் தானும் துவக்கைத் தூக்கினவர். அப்பவே வயது 35ஐ நெருங்கியிருந்தது. டோக்கியோவில் மொத்தம் ஐந்து பதக்கம். 2024 பாரிஸில் நாலு: அவனிக்கு 249.7 புள்ளியோடு திரும்பவும் தங்கம், மனீஷுக்கு வெள்ளி, மோனா அகர்வாலுக்கும் ரூபினா பிரான்சிஸுக்கும் வெண்கலம்.

விபத்து, பிறவிக் குறை, இளம்பிள்ளை வாதம். இவர்களை மேலே கொண்டுவந்தது போர் இல்லை. குடும்பம், பயிற்சி மையம், பிறகு அரசின் காசு. இராணுவத்துக்கு வெளியிலும் ஏணி கட்டலாம் என்பதற்கு இது சாட்சி.

இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்று ஒருக்காச் சொல்லுறன். பத்து மீற்றர் தூரத்தில் இலக்கு. ரைபிளுக்கான இலக்கில் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீற்றர். தோளிலும் கையிலும் துவக்கின் பாரத்தைத் தாங்கக் கூடியவர்கள் எஸ்எச்1 பிரிவு. தாங்க ஏலாதவர்கள் எஸ்எச்2 பிரிவு, அவர்களுக்குத் துவக்கை வைக்கத் தாங்கி உண்டு. அவனியின் போட்டிக்குப் பெயர் 'நின்று சுடுதல்'. அவர் இருந்துதான் சுடுகிறார், ஆனால் முழங்கையை எதிலும் ஊன்றக் கூடாது. இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாத உடம்பை அசையாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று யோசியுங்கோ. மூச்சைப் பாதியில் நிறுத்தி, இரண்டு நெஞ்சுத் துடிப்புக்கு இடையில் விசையை இழுக்க வேணும். வேகமும் பலமும் இங்க பெரிசில்லை, அமைதிதான் பெரிசு.

இங்கதான் எனக்கு ஒரு தயக்கம். வன்னியில் 'துவக்கு' என்ற சொல்லைச் சும்மா சொல்ல ஏலாது. இப்பவும் இரவில் வயலுக்குள்ள யானை வெடி போட்டால் திடுக்கிட்டு எழும்புற அம்மாக்கள் இருக்கினம். எங்கட பிள்ளையள் திரும்பவும் துவக்கைத் தொட வேணுமா எண்டு ஆரும் கேட்டால், அது நியாயமான கேள்வி. அதுக்கு நான் "ஓம்" எண்டு சொல்ல மாட்டன்.

ஆனால் குட்மன் தொடங்கினது வில்லோட. ஈட்டி இருக்கு, குண்டு எறிதல் இருக்கு, நீச்சல் இருக்கு, பட்மின்டன் இருக்கு. கருவி எது என்பது இரண்டாவது விசயம். ஏணி இருக்கா என்பதுதான் முதல் விசயம்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இலேயே வந்திட்டுது. இலங்கை முதன்முதல் பராலிம்பிக்குப் போனதும் அதே 1996இல்தான். ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. மாங்குளத்தில் 'உயிரிழை' போல, முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கான அமைப்பும் எங்களிடம் இருக்கு. இல்லாதது வீட்டுக்கும் மைதானத்துக்கும் இடையில் உள்ள வழி.

அந்த வழி எவ்வளவு சின்ன விசயங்களால் ஆனது என்பதற்கு ஒரு உதாரணம். 2022இல் பிரான்சில் ஒரு உலகக் கிண்ணப் போட்டிக்கு அவனி போக இருந்தபோது, கூடப் போக வேண்டிய அம்மாவுக்கு விசா வரவில்லை. அவர் அதைப் பொதுவெளியில் சொன்ன பிறகு விசா கிடைத்தது. போய் 250.6 புள்ளியோடு உலக சாதனை செய்தார். பராலிம்பிக் சாம்பியனுக்கே துணைக்கு ஒராள் வேணும். முத்தையன்கட்டில் இருந்தோ நெடுங்கேணியில் இருந்தோ ஒரு பிள்ளை சக்கர நாற்காலியோட பஸ் ஏறி மைதானத்துக்கு வர எத்தனை பேர் வேணும்?

நாங்கள் செய்யக் கூடியது பெரிய வேலை இல்லை. எங்கட பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டியில், நடக்க ஏலாத பிள்ளை எங்க இருக்குது எண்டு அடுத்த முறை பாருங்கோ. பந்தலுக்குள்ள கைதட்டிக்கொண்டு இருந்தால், ஏன் அதுக்கு ஒரு நிகழ்ச்சி இல்லை எண்டு கேளுங்கோ. ஊர்க் கழகம் நடத்துற போட்டியில் இருந்து எறிகிற குண்டு எறிதல் ஒன்றைச் சேர்க்க ஒரு கதிரையும் ஒரு குண்டும் காணும்.

சைக்கிள் கடை அண்ணாவுக்கு இப்ப நாற்பது வயது தாண்டிட்டுது. சிங்ராஜ் எத்தனை வயதில் தொடங்கினவர் எண்டு அவருக்குச் சொன்னன். சிரிச்சார். பிறகு, "அடுத்த கிழமை வா, கதைப்பம்" எண்டார்.