குஞ்சின் எடை

குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் பறவை பிடிக்கும் பகுதியைப் பாடம் சொல்லும்போதெல்லாம் நமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர், வயலில் வந்திறங்கும் பறவைகளைப் பெயர் பெயராக அடுக்குகிறார். வந்திறங்குபவை யாவும் பறக்கத் தெரிந்தவை. குஞ்சுகள் எங்கே? கண்ணி வைப்பவனுக்கு அவை பொருட்டல்ல போலும்.

துப்பாக்கி பிடித்தவர்களும் அவ்வாறே. ஹியூமும் மார்ஷலும் 1879 முதல் 1881 வரை வெளியிட்ட இந்திய வேட்டைப் பறவைகள் பற்றிய நூலில், சுட்டு வீழ்த்திய வாத்துகளின் நீளமும் எடையும் நுணுக்கமாகப் பதிவாயின. குஞ்சுகளின் வளர்ச்சியை முறையாக ஆராய்ந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். அதுவும் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும், மல்லார்டு என்னும் வாத்தினத்தை வைத்து. நம் குளங்களின் புள்ளிமூக்கு வாத்துக்கு அது நெருங்கிய உறவு.

முட்டையிலிருந்து வெளிவரும் மல்லார்டு குஞ்சின் எடை ஏறத்தாழ 30 கிராம். எட்டு வாரத்தில் சிறகு முற்றிப் பறக்கும்போது அது இருபது மடங்குக்கு மேல் பெருத்திருக்கும். இந்த வேகத்துக்குப் புல்லும் விதையும் போதா. முதல் இரண்டு மூன்று வாரங்களில் அது தேடுவது பூச்சியும் புழுவும் நத்தையுமே. தசையும் இறகும் உண்டாவதற்குரிய புரதம் அவற்றில்தான் மிகுதி. தாவர உணவுக்குப் பின்னரே மாறுகிறது. இரை குறைந்தால் எடை ஏறாது. மெலிந்த குஞ்சு குளிரைத் தாங்காது. இறகு முளைக்கத் தாமதமாகி, பருந்துக்கும் நாய்க்கும் எட்டும் உயரத்திலேயே கூடுதல் நாட்கள் கிடக்கும். இங்கிலாந்தில் சரளைக்கல் தோண்டிய பள்ளத்து ஏரியொன்றில் நடத்திய ஆய்வு 1987இல் வெளியானது. அங்கே குஞ்சுகளின் இரைக்குப் போட்டியாக நின்றவை மீன்கள்!

இதைப் படித்தபோது நமக்குத் தென்காசிதான் நினைவுக்கு வந்தது. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, அணைக்கட்டுகள் வழியே வரிசையாகக் குளங்களை நிரப்பிச் செல்கிறது. தென்னகத்தில் புள்ளிமூக்கு வாத்து பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே குஞ்சு பொரிக்கிறது. பிசான நெல்லுக்குப் பூச்சிமருந்து தெளிப்பதும் அந்த மாதங்களில்தான். குளங்கள் மீன்குத்தகைக்கும் போகின்றன. உழவரையோ குத்தகைக்காரரையோ குறை சொல்வதற்கில்லை; அவரவர்க்கு வயிறு உண்டு. ஆயினும் குஞ்சுக்குக் கிடைத்த அந்த இரண்டு மூன்று வாரங்களைப் பற்றி எந்தக் குளத்துக் கணக்கிலும் பேச்சில்லை.

தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011இல் தொடங்கியது. அது நடப்பது சனவரியில். கார்த்திகைத் தொடக்கத்தில் பொரித்துத் தப்பிய குஞ்சு, அந்நாளில் பறவையோடு பறவையாகக் கரையில் நிற்கும். சிங்கன் கண்ணிலும் அப்படித்தான் பட்டிருக்கும்.