பழைய டிவிக்கு வந்த இணைய வீடியோ

அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸ் 2007இல் இணையவழியில் படங்களைக் காட்டத் தொடங்கியபோது அவற்றைக் கணினியில்தான் பார்க்க முடிந்தது. 2008 மே மாதம் வந்த ரோகு பெட்டி அவற்றை டிவிக்குக் கொண்டுவந்தது. எச்.டி.எம்.ஐ. போர்ட்டுடன் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏ.வி. கேபிளுக்கான இடமும் அதில் இருந்ததால், பிக்சர் டியூப் டிவி வைத்திருந்தவர்களுக்கும் அது பயன்பட்டது. மஞ்சள் கேபிள் படத்தையும், மற்ற இரண்டும் ஒலியையும் கடத்தின.

2013இல் 35 டாலருக்கு வந்த கூகுள் குரோம்காஸ்ட்டில் எச்.டி.எம்.ஐ. மட்டுமே இருந்தது. அதைப் பழைய டிவியில் இணைக்க, டிஜிட்டல் சிக்னலை அனலாக்காக மாற்றும் கன்வெர்ட்டர் தேவைப்பட்டது. படம் தெரிந்தாலும் சிறிய எழுத்துகள் மங்கின. அகலத்திரைப் படங்கள் 4:3 திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு வந்தன, அல்லது பக்கவாட்டில் நெருக்குண்டன. 2016இல் வந்த ரோகு எக்ஸ்பிரஸ் பிளஸ், கன்வெர்ட்டர் இல்லாமலே ஏ.வி. கேபிளில் இணையும் வசதியைத் தந்தது.