பழியை ஏற்றியோரும் பழியை ஏற்றோரும்

தன் நெஞ்சிற் குடிகொண்ட பகையைத் தனதென்று ஒப்புக்கொள்ள மாட்டாத மனிதன், அதனை அயலான்பாற் கண்டு அவனைக் கடிவதுண்டு. உளவியலார் இதனைப் 'புறத்தெறிதல்' என்பர். வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் புரொயிட் 1890களில் இதனை விளக்கத் தொடங்கினார். அதற்கு இரு நூற்றாண்டுகள் முன்னரே ஓர் ஊர் முழுவதும் இந்நோய்க்கு இரையாயிற்று.

அவ்வூரின் பெயர் சேலம். மாங்கனிக்குப் பெயர்போன தமிழ்நாட்டுச் சேலமன்று. வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய மசச்சூசெற்ஸைச் சேர்ந்தது. 1692ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே மதகுருவின் வீட்டுச் சிறுமியர் இருவர் அலறித் துடித்தனர். சூனியம் என்று ஊரார் முடிவு கட்டினர். சூனியம் செய்தவர் யார்? அவ்வூரிற் பகைக்குப் பஞ்சமில்லை. குருவுக்குச் சம்பளம் கொடுப்பது பற்றி ஊர் இரண்டுபட்டிருந்தது. பட்னம் குடும்பத்தார் காணியெல்லை பற்றி அயலவரோடு நெடுங்காலம் பிணங்கி வந்தனர். கடுஞ்சமய ஒழுக்கத்தினரான அம்மக்களுக்கு, 'நான் அவளை வெறுக்கிறேன்' என்பது பாவம். 'அவள் என்னை வதைக்கிறாள்' என்பதோ வெறும் முறைப்பாடு.

பன்னிரண்டு வயது ஆன் பட்னம் பலர்மேற் குற்றஞ்சாட்டினாள். அவர்களுள் ஒருவர் றெபெக்கா நேர்ஸ் என்னும் 71 வயது மூதாட்டி. அவர் பிறந்த குடும்பத்துக்கும் பட்னங்களுக்கும் காணித் தகராறு இருந்தது. யூரிமார் முதலில் அவரைக் குற்றமற்றவர் என்றனர். மன்றிற் கூக்குரல் எழுந்தது. நீதிபதிகள் மீண்டும் ஆராயுமாறு பணிக்க, தீர்ப்பு மாறியது. யூலை 19இல் அவர் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டில் 19 பேர் அவ்வாறு மாண்டனர். தன் குற்றத்தை ஒப்பிப் பிறர் பெயரைச் சொன்னோர் பிழைத்தனர், மறுத்தோரே மாண்டனர். தம்மீது எறியப்பட்டதை அடுத்தவர்மீது எறிவதே உயிர் காக்கும் வழியாயிற்று!

பின்னர் மனச்சான்று விழித்தது. எல்லோருக்கும் ஒருபடியாக அன்று. தலைமை நீதிபதி ஸ்ரௌற்றன் இறுதிவரை வருந்தினாரில்லை. நீதிபதி சாமுவேல் சீவல் 1697இல் பொஸ்ரன் தேவாலயத்திற் சபை நடுவே எழுந்து நிற்க, அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையைக் குரு வாசித்தார். பழியும் நாணமும் தமக்கே உரியன என்றார் சீவல்.

ஆன் பட்னம் 1706இல் தன் 26ஆம் வயதில் மன்னிப்புக் கேட்டாள். மாசற்றோரின் இரத்தத்திற்குத் தானும் காரணமானதை ஒப்பினாள். நேர்ஸ் குடும்பத்தைக் குறித்தும் வருந்தினாள். ஆனால், கோபத்தாலோ பகையாலோ செய்யவில்லை, சாத்தானின் மாயையே தன்னை ஏய்த்தது என்றாள். அவள் கண்ணீரை நான் ஐயுறவில்லை. எனினும் அன்று கிழவிமேல் ஏற்றிய பழியை இன்று சாத்தான்மேல் ஏற்றினாள். பட்னங்களின் காணிப்பகை பற்றி அவ்வறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை.

றெபெக்கா நேர்ஸைச் சபையிலிருந்து விலக்கிய தீர்மானத்தைச் சேலம் தேவாலயம் 1712இல் நீக்கியது. அப்போது அவர் மாண்டு இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.