நாள்காட்டிக்குள் நுழைந்த தமிழ்

இணையப் படிவத்தில் பிறந்த நாளுக்குரிய கட்டத்தைச் சொடுக்கியதும் சிறிய நாள்காட்டி ஒன்று விரிவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். வலைப்பக்கத்தில் பொருத்தப்படும் இத்தகைய ஆயத்தக் கருவியை 'விட்ஜெட்' என்பர். அதற்குள் தமிழ் நுழைந்த வரலாறு ஆசிரியரும் பெற்றோரும் அறிய வேண்டிய ஒன்றாகும்.

2006 ஜனவரியில் ஜான் ரெசிக் என்னும் அமெரிக்க இளைஞர் நியூயார்க்கில் 'ஜேகுவெரி' எனும் நிரல் தொகுப்பை வெளியிட்டார். அதனை அடித்தளமாகக் கொண்டு 2007 செப்டம்பரில் 'ஜேகுவெரி யூஐ' எனும் விட்ஜெட் தொகுப்பு வெளிவந்தது. நாள்காட்டியும் அதில் ஒன்று. இது திறமூல மென்பொருள். இதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தத்தைத் திட்டத்திற்கே வழங்கலாம். திட்டக்குழுவினர் அதனை ஆராய்ந்து, ஏற்புடையதாயின் சேர்த்துக்கொள்வர்.

நாள்காட்டிக்கு ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சிறு கோப்பு உண்டு. மாதப் பெயர்கள், கிழமைகள், வாரத்தின் முதல் நாள், தேதி எழுதும் முறை ஆகியவையே அதன் உள்ளடக்கம். இதனை எழுத நிரலறிவு சிறிதளவும் மொழியறிவு பெரிதளவும் வேண்டும். தமிழ்க் கோப்பும் இவ்வாறே ஒரு தன்னார்வலரின் கொடையாக வந்து சேர்ந்தது. 'இன்று', 'மூடு', 'அடுத்தது' எனும் சொற்கள் நாள்காட்டியில் தமிழிலேயே தோன்றின.

ஆயினும், அக்கோப்பில் ஜனவரிக்கு நேராகத் 'தை' என்றும் டிசம்பருக்கு நேராக 'மார்கழி' என்றும் இடம்பெற்றன. விளைவு என்ன? ஆங்கிலப் புத்தாண்டு நாள் 'தை 1' ஆயிற்று! உண்மையில் அன்று மார்கழியின் நடுப்பகுதி. தை பிறப்பதோ ஜனவரி 14 அல்லது 15-இல். அந்தக் கோப்பைக் கொண்டு அமைந்த படிவத்தில் ஜனவரி 14-இல் பிறந்த குழந்தைக்குத் 'தை 14' என்றே தோன்றும். 'மொமென்ட்' எனும் மற்றொரு திறமூலத் தொகுப்பின் தமிழ்க் கோப்பு, ஜனவரி, பிப்ரவரி என்றே எழுதி இச்சிக்கலைத் தவிர்த்தது.

கொடுத்தவரைக் குறை கூறுவது முறையன்று. அவர் முன்வராதிருந்தால் அங்குத் தமிழே இருந்திராது. நிரலில் காற்புள்ளி விடுபட்டால் எந்நாட்டவரும் கண்டறிவர்; தை எப்போது பிறக்கும் என்பதைத் தமிழறிந்தவரே சொல்ல இயலும். பிழை திருத்தும் கதவு திறந்தே இருந்தது. நுழைந்து பார்க்கும் தமிழ்க் கண்களே போதவில்லை.

2021 அக்டோபரில் ஜேகுவெரி யூஐ, புதிய வசதிகள் சேர்ப்பதை நிறுத்திப் பராமரிப்பு நிலைக்குச் சென்றது. எனினும், மொழிக் கோப்புகளை வேண்டி நிற்கும் திறமூலத் திட்டங்கள் இன்றும் பல உள்ளன. நம் மாணவர்களுக்குக் கணினியைக் கற்பிக்கும்போது இத்தகைய கோப்பு ஒன்றைத் திறந்து காட்டுவோம். பிழை காணவும் திருத்தி வழங்கவும் பழக்குவோம். கணினியில் தமிழ் வாழ்வது, அதனைப் படித்துப் பார்ப்பவர்களால்தான்!