மறுப்புகள் வரைந்த வான்வழிகள்

பழந்துறைமுகங்களின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பேசும்போது காற்றையும் ஆற்றையும் காரணமாகச் சொல்வது வழக்கம். காற்று கப்பலைக் கொணர்ந்தது. ஆற்றுமுகம் தூர்ந்தபின் துறை கைவிடப்பட்டது. வானூர்திக்கு இவ்விரண்டும் பெரும் தடையல்ல. அவ்வாறாயின், ஒரு விமான நிலையம் கண்டங்களின் சந்திப்பாக வளர்வதும் அதன் அண்டை நிலையம் பின்தங்குவதும் எதனால்? வளைகுடாவின் வரலாற்றில் இதற்கு ஒரு விடை இருக்கிறது.

பஹ்ரைன், தோஹா, அபுதாபி, துபாய் ஆகிய நான்கும் ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவுக்குள் அடங்குபவை. இந்தியா மூன்று நான்கு மணி நேரப் பயணம். லண்டன் ஏறத்தாழ ஏழு மணி நேரம். நிலவியல் நான்கிற்கும் ஒரே வாய்ப்பைத்தான் வழங்கியது. எனினும் அவற்றின் வழித்தட வரைபடங்கள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. இவ்வேறுபாட்டின் வேரைத் தேடினால், முக்கியத் திருப்பங்களில் எல்லாம் யாரோ ஒருவரின் மறுப்பைக் காண்கிறோம்.

முதல் மறுப்பு பாரசீகத்துடையது. 1929இல் லண்டன் - கராச்சி சேவையைத் தொடங்கிய இம்பீரியல் ஏர்வேஸ், வளைகுடாவின் வடகரையான பாரசீகக் கரையோரமாகப் பறந்தது. அவ்வனுமதி நீடிக்காமற்போகவே, 1932இல் அரபுக் கரைக்கு மாறிற்று. பஹ்ரைனும் ஷார்ஜாவும் உலக வான்வழியில் இடம்பெற்றது இவ்வாறே.

பின்னர் நெடுங்காலம் பஹ்ரைனே தலைவாயில். 1950இல் அங்கே தோன்றிய கல்ஃப் ஏவியேஷன், 1974இல் பஹ்ரைன், கத்தார், அபுதாபி, ஓமான் ஆகிய நான்கின் பொதுச்சொத்தான கல்ஃப் ஏர் ஆயிற்று. 1976 ஜனவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் கான்கார்டு தன் முதல் வணிகப் பயணத்தில் சென்றதும் பஹ்ரைனுக்கே.

அக்கூட்டில் சேராத துபாய், எல்லா நாட்டு விமானங்களுக்கும் தன் வானைத் திறந்துவைத்தது. அப்போட்டியை விரும்பாத கல்ஃப் ஏர், 1980களின் நடுவில் துபாய்ச் சேவைகளைக் குறைத்தது. இது இரண்டாம் மறுப்பு. 1985 அக்டோபர் 25 அன்று எமிரேட்ஸ் பறக்கத் தொடங்கியது. மூலதனம் ஒரு கோடி டாலர். பாகிஸ்தான் இன்டர்நேஷனல் ஏர்லைன்ஸிடம் வாடகைக்குப் பெற்ற இரு விமானங்கள். முதலில் சென்ற ஊர்கள் கராச்சி, பம்பாய், தில்லி. லண்டனோ நியூயார்க்கோ அல்ல என்பது கருதத்தக்கது. வளைகுடாவிற்குப் பிழைக்க வந்த தெற்காசியத் தொழிலாளர் ஊர் திரும்பும் வழியே அவ்வலையின் முதல் இழை.

அதன்பின் வலைகள் வெவ்வேறாக விரிந்தன. துபாய் பெரிய விமானங்களை நம்பியது: உலகில் தயாரான 251 ஏர்பஸ் ஏ380களில் 123 எமிரேட்ஸிடம் சென்றன. மாநகர்களிலிருந்து கூட்டமாக மக்களைக் கொணர்ந்து, சில மணி நேரத்தில் மாற்றி அனுப்பும் முறை அது. 2002இல் கல்ஃப் ஏரை விட்டு விலகிய கத்தார், சிறிய விமானங்களையும் சேர்த்துக்கொண்டு சிறுநகர்களையும் தொட்டது. 2003இல் எத்திஹாதைத் தொடங்கிய அபுதாபியோ ஏர் பெர்லின், அலிதாலியா, ஜெட் ஏர்வேஸ் எனப் பிறர் நிறுவனங்களில் பங்கு வாங்கி வலை பின்ன முயன்றது. ஏர் பெர்லின் 2017இலும் ஜெட் ஏர்வேஸ் 2019இலும் பறப்பதை நிறுத்தின. அலிதாலியா 2017இல் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. பணமிருந்தும், இரவல் இழைகளால் ஆன வலை நிலைக்கவில்லை.

மூன்றாம் மறுப்பு கத்தாருக்கு நேர்ந்தது. 2017 ஜூனில் சவூதி அரேபியா, ஐக்கிய அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகியவை தம் வானை அதற்கு மூடின. கத்தாரைச் சூழ்ந்த வான்பரப்பை அக்காலத்தில் மேலாண்மை செய்தது பஹ்ரைன் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். தோஹா விமானங்கள் ஈரான் வழியே சுற்றிச் சென்றன. இழந்த ஊர்களுக்கு ஈடாகப் புதிய ஊர்கள் தேடப்பட்டன. தடை 2021 ஜனவரியில் நீங்கியது. 2022 செப்டம்பரில் தோஹாவுக்கெனத் தனி வான்மேலாண்மை எல்லை நடைமுறைக்கு வந்தது.

மறுப்பு மட்டுமே வளர்ச்சியைத் தந்துவிடாது. அதைத் தாங்கும் செல்வமும் துணிவும் வேண்டும் என்பது உண்மை. ஆயினும் மறுத்தவர் நிலையையும் காண வேண்டும். அபுதாபியும் ஓமானும் அடுத்தடுத்து விலக, 2007க்குப்பின் கல்ஃப் ஏர் பஹ்ரைன் ஒன்றிற்கே உரியதாயிற்று. நால்வர் கூடிக் கட்டிய வாயிலை ஒருவர் காக்கும் நிலை வந்தது. துறை தூர்வது ஆற்று மணலால் மட்டுமன்று. வருவோரைத் தடுக்கும் கையாலும் அது நிகழும் என்றே நமக்குத் தோன்றுகிறது.