தந்திக் கம்பி தந்த வெளிச்சம்

பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றை இரவில் ஓட்டிச் செல்பவர் பலர் கண்டு கவலையுற்ற குறை ஒன்றுண்டு. முன்விளக்குகள் எரிகின்றன, ஆயினும் அவற்றின் ஒளி வெண்மையாக விழாது, மண்ணெண்ணெய் விளக்கின் சுடர் போல மஞ்சளாகப் படர்கின்றது. வீதியோரமாக விளக்கின்றிச் செல்லும் துவிச்சக்கர வண்டிக்காரர், கார் மிக அண்மையில் வந்த பின்னரே கண்ணிற் படுகிறார். பற்றறியும் புதியது, மின்குமிழும் புதியது. அவ்வாறாயின் ஒளி எங்கே போயிற்று? இவ்வினாவிற்குரிய விடை, கார் என்னும் ஊர்தி உலகில் தோன்றுவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரேயே கண்டறியப்பட்டுவிட்டது. அதனைக் கண்டறிந்தவர்கள் தேடியது ஒளியை அன்று. தொலைவிலுள்ளோருக்குச் செய்தி அனுப்பும் வழியையே அவர்கள் தேடினர்.

1825ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கணித அறிஞர் பீற்றர் பார்லோ, மின்சாரத்தினால் செய்தி அனுப்ப இயலுமா என ஆராய்ந்தார். இருநூறு அடிக் கம்பியிலேயே மின்சாரத்தின் வலிமை பெரிதும் குன்றக் கண்ட அவர், இம்முயற்சி கைகூடாது என்று முடிவு செய்தார். கம்பியும் மின்சாரத்திற்கு ஒரு தடையே என்பதும், அத்தடைக்கும் மின்னோட்டத்திற்கும் உள்ள தொடர்பும் 1827ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஜோர்ஜ் ஓம் வெளியிட்ட நூலில் விதியாக அமைந்தன. எனினும் அவ்விதி அறிஞர் உலகில் ஏற்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

பார்லோ மூடிய கதவைத் திறந்தவர் அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி. 1797ஆம் ஆண்டில் அல்பனி நகரில் ஓர் ஏழைக் குடும்பத்திற் பிறந்த இவர், இளமையில் கடிகாரத் தொழிலாளி ஒருவரிடம் தொழில் பயின்றார். பின்னர் அந்நகரக் கல்லூரியில் ஆசிரியரானார். காந்தத்தைச் சுற்றும் கம்பியையும், அதற்கு மின்சாரம் தரும் கலங்களின் எண்ணிக்கையையும் தொலைவிற்கு ஏற்ப அமைத்தால் மின்சாரம் நெடுந்தூரம் சென்று வேலை செய்யும் என்பதை அவர் கண்டார். 1831ஆம் ஆண்டளவில், ஒரு மைல் நீளக் கம்பியைத் தம் வகுப்பறையைச் சுற்றி ஓடவிட்டு, அதன் மறு முனையில் ஒரு மணியை ஒலிக்கச் செய்தார்.

ஆனால் மணியை அடிப்பது வேறு, பெருஞ்சுமையைத் தூக்குவது வேறு. நெடுந்தூரம் வந்து களைத்த மின்சாரத்தால் பெரிய காந்தத்தை இயக்க முடியாது. பிறின்ஸ்ரன் கல்லூரியிற் பேராசிரியராக இருந்தபோது, 1835ஆம் ஆண்டளவில், ஹென்றி இதற்கும் ஒரு வழி கண்டார். களைத்து வந்த மின்சாரத்தைக் கொண்டு ஒரு சிறு காந்தத்தை மட்டும் இயக்கினார். அச்சிறு காந்தம் ஒரு கம்பியை அசைத்து, அருகே வைக்கப்பட்ட வலிய மின்கலத்தின் சுற்றைத் திறக்கவும் மூடவும் செய்தது. பெருஞ்சுமையைத் தாங்கியது அருகிலிருந்த மின்சாரம். தொலைவிலிருந்து வந்தது கட்டளை மட்டுமே.

இவ்வமைப்பே பின்னர் ‘றிலே’ எனப் பெயர் பெற்றது. நெடும் பயணத்திற் களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டுப் புதிய குதிரையைப் பூட்டும் வழக்கத்தைக் குறித்த சொல் அது. ஓரிடத்து நிகழ்ச்சியை வேறொரு நிலையம் ஏற்று மீண்டும் ஒலிபரப்புவதை ‘அஞ்சல்’ என்று கூறக் கேட்டுப் பழகிய வானொலி நேயர்களுக்கு இக்கருத்து புதிதன்று.

ஹென்றி இதற்குக் காப்புரிமை பெறவில்லை. அறிவியலின் பயன் அனைவர்க்கும் உரியது என்பது அவர் கொள்கை. 1837ஆம் ஆண்டில் இலண்டன் சென்றபோது, ஆங்கிலத் தந்தியை உருவாக்கிக்கொண்டிருந்த வீற்ஸ்ரனிடமும் அவர் தம் முறையை மறைக்காது எடுத்துரைத்தார். அதே காலத்தில் ஓவியராகிய சாமுவேல் மோர்ஸ் நியூயோர்க்கில் தந்திக் கருவியொன்றை அமைக்க முயன்றுகொண்டிருந்தார். அவருடைய கருவி நெடுந்தூரக் கம்பியில் இயங்க மறுத்தது. அவருடன் பணியாற்றிய லெனாட் கேல் என்பவர் ஹென்றியின் கட்டுரையைச் சுட்டிக்காட்டிய பின்னரே அத்தடை நீங்கிற்று. 1844ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே, ஏறக்குறைய நாற்பது மைல் தூரம், மோர்ஸின் தந்தி சென்றது. புகழும் பொருளும் மோர்ஸைச் சேர்ந்தன.

பின்னர் தந்தி உரிமை பற்றிய வழக்கில் ஹென்றி சாட்சி கூற அழைக்கப்பட்டார். தாம் அறிந்த உண்மையை அவர் அங்கே கூறினார். அது மோர்ஸுக்குக் கசப்பாயிற்று. 1855ஆம் ஆண்டில் மோர்ஸ், ஹென்றியைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அப்போது ஹென்றி தலைமைச் செயலாளராக இருந்த ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆளுநர் குழு இவ்விடயத்தை ஆராய்ந்து, ஹென்றியின் கூற்றே உண்மை எனக் கண்டது. 1878ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 1893ஆம் ஆண்டில் சிக்காகோவிற் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு, மின் தூண்டலின் அலகிற்கு ‘ஹென்றி’ என்ற பெயரைச் சூட்டி அவரைச் சிறப்பித்தது.

இனிக் காரின் கதைக்கு வருவோம். தொடக்கக் காலக் கார்களில் எண்ணெய் விளக்குகளும், காபைட்டு என்னும் பொருளில் நீர் சொட்டுவதால் எழும் அசற்றிலின் வாயு விளக்குகளும் இருந்தன. 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார், சாள்ஸ் கெற்றறிங் உருவாக்கிய மின் தொடக்கியையும் மின் விளக்குகளையும் தாங்கி வந்தது. அதன்பின் கார்களில் மின்சாரம் நிலைபெற்றது. டைனமோ போதிய மின்சாரம் தரும்போது மட்டும் அதனைப் பற்றறியுடன் இணைத்து, மற்றைய வேளைகளில் பிரித்துவைக்கும் கருவியும் ஹென்றியின் றிலே வகையைச் சேர்ந்ததே. ஆயினும், முன்விளக்குகளுக்கு அதனைப் பயன்படுத்தும் வழக்கம் நெடுங்காலம் பல கார்களில் இல்லை. விளக்கின் முழு மின்சாரமும் ஓட்டுநரின் கைக்கெட்டும் ஆளி வரை வந்து, அங்கிருந்து காலால் மிதிக்கும் ஆளி வழியாக மீண்டும் முன்னே சென்று விளக்கை அடைந்தது.

அன்றைய மின்குமிழ்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40 வாற்று அளவினவாதலின் இவ்வேற்பாடு போதுமானதாயிற்று. பின்னர் 1962ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் ஹலஜன் விளக்கு காரில் ஏறிற்று. 1971ஆம் ஆண்டில் வந்த எச்-4 என்னும் குமிழ், தூர ஒளிக்கு 60 வாற்றும் தாழ் ஒளிக்கு 55 வாற்றும் கொண்டது. பழைய கார்களின் உரிமையாளர் பலர் இக்குமிழை விரும்பிப் பொருத்தினர். இரு விளக்குகளுக்கும் சேர்த்து 12 வோல்ற்றில் 10 அம்பியர் மின்சாரம் வேண்டும். ஆனால் கம்பியோ பழையது. ஆளியின் தொடுமுனைகள் தேய்ந்தவை. உடலோடு இணையும் மண் இணைப்புத் துருப்பிடித்தது. இவையனைத்தின் தடையும் சேர்ந்து 0.12 ஓம் அளவே ஆயினும், 10 அம்பியர் செல்லும்போது ஏறக்குறைய 1.2 வோல்ற்று வழியிலேயே தொலைந்துவிடும். இழந்தது பத்தில் ஒரு பங்கே; ஆனால் இழைக் குமிழில் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பார்லோவிற்கு இருநூறு அடிக் கம்பி செய்த கொடுமையைக் காரில் சில அடிக் கம்பியே செய்துவிடுகிறது. இழந்த அழுத்தம் வெப்பமாக மாறி ஆளியையும் கம்பியுறையையும் சுடுவது அடுத்த கேடு. அக்காலப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் முன்விளக்குச் சுற்றுக்கு உருகி கூட இல்லை என்பதையும் இங்கே நினைத்தல் வேண்டும்.

இதற்கு மருந்து ஹென்றியின் மருந்தே. விளக்குகளுக்கு அருகே இரண்டு றிலேக்களைப் பொருத்துவர். ஒன்று தூர ஒளிக்கு, மற்றொன்று தாழ் ஒளிக்கு. ஒன்று பழுதாயினும் மற்றது வழிகாட்டும். பற்றறியிலிருந்து தடித்த கம்பி ஒன்று, தன் தொடக்கத்திலேயே உருகியைக் கொண்டு, நேரே றிலேக்களை அடையும். அங்கிருந்து விளக்குகளுக்குக் குறுகிய வழி. முன்பு விளக்கிற்குச் சென்ற பழைய கம்பி இப்போது றிலேயின் சுருளை மட்டும் இயக்கும். சுருளுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அம்பியரே போதும். ஆகவே பழைய ஆளி சூடேறுவதில்லை. விளக்கிலிருந்து திரும்பும் மண் இணைப்பிற்கும் தடித்த கம்பியே வேண்டும். போகும் வழியைச் சீர்செய்து திரும்பும் வழியை மறந்தால் பாதி வேலையே முடிந்ததாகும். பழைய பிரித்தானியக் கார்கள் சிலவற்றில் பற்றறியின் நேர்முனை உடலோடு இணைந்திருக்குமாதலால், உள்ளே டயோட்டுக் கொண்ட றிலேயை அங்கே முனைமாற்றிப் பொருத்துதல் ஆகாது.

இவ்வளவும் செய்த பின்னர் காரின் முகப்பிலோ ஆளியிலோ எவ்வித மாற்றமும் தெரிவதில்லை. ஓட்டுநர் முன்போலவே ஆளியைத் திருப்புகிறார். முன்புறத்தில் ‘டிக்’ என்ற சிறு ஒலி எழுகின்றது. ஒளி வெண்மையாக வீதியில் விழுகின்றது. முன்பு அண்மையில் வந்த பின்னரே தெரிந்த துவிச்சக்கர வண்டிக்காரர், இப்போது தொலைவிலேயே தெரிகிறார். பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு நேரம் கிடைக்கிறது. அந்தச் சிறு ஒலி, பிறின்ஸ்ரன் ஆய்வுகூடத்தில் ஹென்றியின் சிறு காந்தம் செய்த அதே வேலையின் ஒலி. காப்புரிமைப் பணம் ஒரு காசும் பெறாத அந்த ஆசிரியரின் கொடை, அவர் பெயரையும் அறியாத வழிப்போக்கர் ஒருவரை இருளில் காத்து நிற்கின்றது.