நாட்டமும் தேர்வும்: கிரேக்கச் சொற்கள் கூறும் வரலாறு

யூனானி மருத்துவம் என்ற பெயர் நம் இல்லங்களுக்குப் புதியதன்று. ‘யூனான்’ என்பது கிரேக்க நாட்டிற்கு அரபு மொழியினர் இட்ட பெயர். அந்நாட்டிலிருந்து அரபுலகிற்கு மருந்துகளோடு சொற்களும் வந்தன. மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளியா, அல்லது ஊழின் கைப்பாவையா என்ற கேள்வியை ஆராயக் கிரேக்கர் வகுத்துக்கொண்ட சொற்கள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

‘நடப்பதெல்லாம் கத்ருப்படிதான்’ என்று கூறி, செய்ய வேண்டியதைச் செய்யாது அமர்ந்திருப்போரை நாம் ஒவ்வோர் ஊரிலும் காண்கிறோம். மகன் படிக்காமற் போனாலும் கத்ர். கடை நொடித்தாலும் கத்ர். நோயாளியை உரிய காலத்தில் மருத்துவரிடம் கொண்டு செல்லாமல் இழந்தாலும் கத்ர்! இத்தகையோரைக் கண்ட மேனாட்டார் சிலர், முஸ்லிம்கள் அனைவருமே விதியை நம்பிச் சோர்ந்தவர்கள் என்று எழுதி வைத்தனர்.

வியப்பென்னவெனில், மேனாட்டு அறிஞருள் ஒரு சாரார் பண்டைக் கிரேக்கரைப் பற்றியும் அவசரத் தீர்ப்பொன்றை வழங்கினர். ‘சுதந்திரமான நாட்டம்’ என்பதைக் குறிக்கக் கிரேக்கரிடம் தனிச்சொல் இல்லை. ஆகவே அக்கருத்தும் அவர்களிடம் தெளிவாக இருந்ததில்லை என்பது அவர்களது வாதம். ஆல்பிரெக்ட் டீலே என்ற ஜெர்மானிய அறிஞர் 1974இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆற்றி, 1982இல் நூலாக வெளியிட்ட சொற்பொழிவுகள் இவ்வகையில் பெயர் பெற்றவை. நாட்டம் என்ற கருத்து முழு உருப்பெற்றது, லத்தீன் மொழியில் எழுதிய அகஸ்டினிடம் (கி.பி. 354–430) தான் என்றார் அவர்.

தனிச்சொல் இல்லை என்பது மெய். அதனால் பொருளும் இல்லை என்பது மெய்யாகுமா?

நீதிமன்றத்தில் பிறந்த சொல்

கிரேக்க மொழியில் ‘எதெலோ’ என்றொரு வினைச்சொல் உண்டு. மனமொப்புதல், இணங்குதல் என்பது அதன் பொருள். ‘பூலோமாய்’ என்பது மற்றொன்று. பின்னாளில் விரும்புதல் என்ற பொதுப்பொருளில் வழங்கிய இச்சொல், ஹோமரின் காவியங்களில் ஒன்றைவிட மற்றொன்றை மேலாகக் கொள்ளுதல் என்ற பொருளில் வரக் காண்கிறோம். ஆயினும் பொறுப்பு என்னும் கருத்து கூர்மை பெற்றது காவியத்தில் அன்று, நீதிமன்றத்தில்.

ஏதென்ஸ் நகருக்கு டிராக்கோ என்பவர் சட்டம் வகுத்தது கி.மு. 621 என மரபு கூறும். அவரது கொலைச் சட்டம் கி.மு. 409–408இல் மீண்டும் கல்லில் பொறிக்கப்பட்டது. சிதைந்த நிலையில் அக்கல் இன்றும் ஏதென்ஸின் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘புரோனொயா’ இன்றிக் கொன்றவனுக்கு உரிய தண்டனையை அது கூறுகிறது. புரோனொயா என்றால் முன்னெண்ணம். எண்ணிச் செய்த கொலையை அரியோபாகஸ் மன்றம் விசாரித்தது. எண்ணாது நேர்ந்த கொலையைப் பல்லாடியன் மன்றம் விசாரித்தது. வேண்டுமென்றே செய்த கொலையையும் தவறுதலாக நேர்ந்த கொலையையும் நம் ஃபிக்ஹு நூல்கள் பிரித்துக் கூறுவதை அறிந்தோர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். சாக்ரடீஸ் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்னரே சட்டம் மனிதனின் உள்ளத்தைத் துருவிப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

அரிஸ்டாட்டில் வகுத்த படிகள்

இந்நீதிமன்றச் சொற்களை எடுத்துச் செப்பம் செய்தவர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322). ‘நிக்கோமாக்கிய ஒழுக்கவியல்’ என்ற தமது நூலின் மூன்றாம் பகுதியில் அவர் மூன்று சொற்களை வரிசைப்படுத்துகிறார்.

முதலாவது ‘ஹெகூஸியோன்’. புறவலிமையாலும் அறியாமையாலும் நிகழாமல், தானாக மனமொத்துச் செய்தது என்று இதனைக் கூறலாம். குழந்தையும் விலங்கும்கூட இவ்வகையில் செயற்படும். இரண்டாவது ‘பூலேஸிஸ்’, அதாவது விருப்பம். நடக்கவியலாததையும் மனிதன் விரும்புவான், சாகாதிருக்கவும் ஆசைப்படுவான். மூன்றாவது ‘புரோஹைரெஸிஸ்’. ஒன்றை மற்றொன்றுக்கு முன்னதாக எடுத்துக்கொள்ளுதல் என்பது இதன் சொற்பொருள். ஆய்ந்து, தன் கைக்கு எட்டியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதில் இறங்குவதே புரோஹைரெஸிஸ். ஒருவனது குணத்தை அளக்க அவன் விருப்பத்தைவிட அவன் தேர்வே தக்க அளவுகோல் என்பது அவர் கொள்கை.

புயலில் சிக்கிய கப்பலொன்றை அவர் உதாரணமாகக் காட்டுகிறார். சரக்கைக் கடலில் எறிய எவரும் விரும்புவதில்லை. எனினும் உயிர் காக்க வேண்டி, அறிவுள்ள மாலுமி எறிகிறான். விரும்பாததைச் செய்தான், ஆயினும் தேர்ந்தே செய்தான். ‘வேறு வழியில்லை’ என்று நாம் சொல்லும் பெரும்பாலான செயல்கள் இத்தகையவை அல்லவா? தீய பழக்கத்தில் ஊறியவன் நினைத்தவுடன் திருந்த முடியாதே என்ற கேள்விக்கும் அவரிடம் விடை உண்டு. எறிந்த கல்லைத் திரும்ப அழைக்க இயலாதுதான். ஆனால் எறிந்தது அவன் கையே என்கிறார்.

சோம்பேறி வாதம்

அரிஸ்டாட்டிலுக்குப் பின் வந்த ஸ்டோயிக்கர் என்னும் ஞானியர், உலகில் அனைத்தும் விதியின்படியே நிகழ்கின்றன என்று கொண்டவர்கள். அவர்களை மடக்க எழுந்த வாதம் ஒன்றிற்குக் கிரேக்கர் இட்ட பெயரே ‘சோம்பேறி வாதம்’ என்பது. நோய் தீரும் என்று விதியிருந்தால் மருத்துவரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் தீரும். தீராது என்று விதியிருந்தால் அழைத்தும் பயனில்லை. ஆகவே மருத்துவர் எதற்கு? நம் ஊர்த் திண்ணைகளில் இன்றும் கேட்கும் பேச்சு இது!

கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரிஸிப்பஸ் என்னும் ஸ்டோயிக்கர் இதற்கு விடை கூறினார். நோய் தீர்வது விதியாயின், மருத்துவரை அழைப்பதும் அவ்விதியோடு பிணைந்தே விதிக்கப்பட்டிருக்கும். காரணத்தை நீக்கிவிட்டுக் காரியத்தை மட்டும் விதி என்று கொள்ளுதல் பிழை என்பது அவர் முடிவு. ‘நம்மைச் சார்ந்தது’ என்ற பொருள்படும் ‘எஃப் ஹேமின்’ என்ற தொடரும் இவ்விவாதங்களில் வலிமை பெற்றது.

அதே மரபில் வந்த எபிக்டீட்டஸ் ரோமாபுரியில் அடிமையாக வாழ்ந்து, பின்னர் விடுதலை பெற்று, நிக்கோபோலிஸ் நகரில் ஆசிரியராக விளங்கியவர். என் காலை நீ விலங்கிடலாம். என் புரோஹைரெஸிஸை உன்னால் விலங்கிட முடியாது என்ற கருத்தை அவர் மாணவர்க்குப் போதித்தார். சுதந்திரமான நாட்டம் என்ற கருத்தை முதன்முதலில் இவரிடமே காண்கிறோம் என்று, டீலேக்கு மாறாக, மிக்கேல் ஃப்ரேடே என்ற அறிஞர் நிறுவ முயன்றார். அவரது சொற்பொழிவுகள், அவர் மறைந்தபின், 2011இல் நூலாயின. அடிமைத்தளையை அனுபவித்த ஒருவரிடம் இக்கருத்து முழுமை பெற்றது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பாக்தாதில் ஒரு சொல்

இலத்தீனில் ‘வொலுந்தாஸ்’ என்ற ஒரே சொல்லில் நாட்டத்தின் பல பொருள்கள் வந்து குவிந்தன. அரபியிலோ வேறுபாடு காக்கப்பட்டது. அப்பாஸியர் காலத்துப் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவர் மைந்தர் இஸ்ஹாக்கும் கிரேக்க நூல்களைப் பெயர்த்தனர். அரிஸ்டாட்டிலின் ஒழுக்கவியல் நூலை அரபியில் தந்தவர் மைந்தரே என்பர். அம்மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதி மொராக்கோவில், ஃபாஸ் நகரின் கரவிய்யீன் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு, சென்ற நூற்றாண்டின் நடுவில் அறிஞர் கவனத்திற்கு வந்தது.

புரோஹைரெஸிஸுக்கு அரபியில் அமைந்த சொல் ‘இக்தியார்’. நன்மையைக் குறிக்கும் ‘கைர்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரின. தேர்ந்தெடுத்தல் என்பது நல்லதை நாடுதல் என்ற குறிப்பை மொழியே ஏந்தி நிற்கிறது! தத்துவ அறிஞர் ஃபாராபி (மறைவு கி.பி. 950), புலனுணர்விலும் கற்பனையிலும் எழும் ‘இராதத்’ விலங்குகளுக்கும் உண்டு என்றும், பகுத்தறிவில் எழும் இக்தியார் மனிதனுக்கே உரியது என்றும் பிரித்துக் காட்டினார்.

இதனால் முஸ்லிம்கள் இக்கேள்வியைக் கிரேக்கரிடம் கடன் பெற்றனர் என்று எவரும் கருதவேண்டா. கத்ர் பற்றிய விவாதம் ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே பஸ்ராவில் எழுந்துவிட்டது. படைப்பவன் இறைவன், ஈட்டிக்கொள்பவன் அடியான் என்று இமாம் அஷ்அரி (ரஹ்) ‘கஸ்பு’ என்ற சொல்லால் விளக்கியது திருமறையின் சொல்வழக்கைத் தழுவியே.

கிரேக்கத் தத்துவ நூல்கள் அரபிக்கு வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முற்பட்ட நிகழ்ச்சி ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. அம்வாஸ் கொள்ளைநோய் (ஏறத்தாழ கி.பி. 639) ஷாம் நாட்டில் பரவிய வேளை. அந்நாடு நோக்கிப் புறப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே செய்தியறிந்து, தோழர்களைக் கலந்தாலோசித்துத் திரும்ப முடிவு செய்தார்கள். இறைவனின் விதியைவிட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஒரு விதியிலிருந்து இறைவனின் மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்பது உமர் (ரலி) அவர்கள் தந்த விடையின் கருத்து. பள்ளத்தாக்கின் ஒரு புறம் பசுமை, மறுபுறம் வறட்சி; ஒட்டகத்தை எப்புறம் மேய்த்தாலும் அது இறைவன் விதித்ததே அன்றோ என்று கேட்டு விளக்கினார்கள்.

சோம்பேறி வாதத்திற்கு இதனினும் சிறந்த விடை உண்டோ? கத்ரை நம்புவது ஈமானின் கடமை. ஒட்டகத்தைப் பசும்புல் இருக்கும் பக்கம் ஓட்டிச் செல்வது மேய்ப்பவனின் கடமை. விருப்பம் எல்லார்க்கும் உண்டு. மறுமையில் நம்மிடம் கணக்குக் கேட்கப்படுவது நம் தேர்வைப் பற்றியே. இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் தொகுப்பு, நிய்யத்தைப் பற்றிய நபிமொழியோடு தொடங்குவதையும் நாம் மறந்துவிடலாகாது.